கடிகாரத்தை நிறுத்திய சபையும் லுவெல்லா டிப்டனும்

எங்கள் மாநிலத்தில் அரசாங்கத்துக்கு மூன்று கிளைகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அது மூன்று மாடி. முதல் மாடியில் ஆளுநர், இரண்டாவதில் சட்டமன்றம், மூன்றாவதில் உச்ச நீதிமன்றம். மூவருக்கும் காப்பி மட்டும் ஒரே இடத்தில்: அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், என் கடையில். முப்பத்தோரு வருஷம் அந்தக் கடையை நடத்தினேன். ஒருவர் அதிகாரத்தில் இன்னொருவர் கை வைத்துவிடக்கூடாது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு அரசியலமைப்பை எழுதி வைத்தார்கள். என் கடையில் சர்க்கரை ஜாடி ஒன்றுதான். மூன்று மாடிக்காரர்களும் அதில்தான் கரண்டியை விட்டார்கள். அதனாலேயே எனக்கு அங்கே யாரிடமும் பயம் கிடையாது. மரியாதை வைத்தது இரண்டு மூன்று பேரிடம்தான். அதில் முதல் ஆள் லுவெல்லா டிப்டன்.

லுவெல்லா பெரிய பதவியில் இருந்தவள் இல்லை. பிரதிநிதிகள் சபையில் குறிப்பு எழுதுகிறவள். எந்த மசோதா வந்தது, யார் கொண்டுவந்தார், எத்தனை ஓட்டு, மணி என்ன என்று எழுதி வைப்பாள். அந்தப் புத்தகத்துக்கு அவைக்குறிப்பு என்று பெயர். அதில் இருப்பதுதான் சபையில் நடந்தது. அதில் இல்லாதது நடக்கவே இல்லை. உறுப்பினர்களின் பேச்சுகளை அவள் எழுதுவதில்லை. "பேசறதையெல்லாம் எழுதினா மாநிலத்துல ஒரு மரம் மிஞ்சாது, ஐரா" என்பாள்.

அவள் அப்பா மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் தந்தி அடித்தவர். ஒற்றைத் தண்டவாளம். ஒரு ரயில் வந்து ஒதுங்கினால்தான் எதிர் ரயில் போக முடியும். வந்த நேரத்தைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும், வர வேண்டிய நேரத்தை எழுதினால் ஆள் செத்துப்போவான் என்று எட்டு வயதிலேயே அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார். அப்பா போன பிறகும் அந்தப் புத்தி அவளை விட்டுப் போகவில்லை. தினமும் காலையில் வானொலி மணி அடிக்கும்போது கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பாள். என் கடைக் கடிகாரம் நாலு நிமிஷம் பிந்தி ஓடுகிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. நான் திருத்தவில்லை. காப்பிக்கு எதற்கு அவ்வளவு அவசரம்?

அவள் புருஷன் டெல்மர், டாலிவர் கவுண்டி என்ற மாவட்டத்தில் ஒரு கருங்கல் கொட்டகையில் இருபத்தாறு வருஷம் கல் செதுக்கியவன். எங்கள் பக்கத்துக் கல்லறைகளில் பாதி பேருடைய பெயர் அவன் உளியால் வெட்டியது. காற்றழுத்த உளி வந்ததும் வேலை வேகமானது. தூசியும் வேகமாக நெஞ்சுக்குள் போனது. நாற்பத்தெட்டு வயதில் அவனால் நாலு படிக்கு மேல் ஒரே மூச்சில் ஏற முடியாது. சாயங்காலம் மனைவியை அழைத்துப்போக வந்தால் மேலே போகமாட்டான். என் கடையில்தான் உட்கார்ந்திருப்பான். வாயில் மட்டும் குறைச்சல் கிடையாது.

"ஐரா, இந்த டோனட் போன ஆளுநர் காலத்துல போட்டதா?" என்பான்.

"இல்ல. அதுக்கு முந்தினவர். அவர்தான் கொஞ்சம் நல்லவரு" என்பேன்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். எங்கள் மாநில அரசியலமைப்பில் ஒரு வரி உண்டு. சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அறுபது நாள் கூடலாம். அறுபதாம் நாள் நண்பகலோடு கூட்டம் முடியும். அதற்குப் பிறகு சபை செய்வது எதுவும் செல்லாது. அறுபது நாளும் சும்மா கதை பேசிவிட்டுக் கடைசி நாள் காலையில்தான் எல்லா மசோதாக்களையும் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள், மனுஷ ஜாதிதானே. நேரம் போதாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சபாநாயகர் தொண்டையைச் செருமுவார். வாயிற்காவலர் ஏமஸ் டட்டில், மேல் ஜன்னலைத் திறக்கிற நீளக் கம்பை எடுத்துவருவார். கம்பின் கொக்கியால் சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்துவார். அந்த நேரம் எண்பத்து நாலு உறுப்பினர்களும் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதன் பிறகு மாலை வரைக்கும் சபைக்கு மணி பதினொன்று ஐம்பதுதான். எழுபது வருஷமாக இரண்டு கட்சிக்காரர்களும் செய்ததுதான் இது. வேறு எதில் சண்டை போட்டாலும் இதில் மட்டும் சண்டை வந்ததில்லை.

லுவெல்லா 1939-இல் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் அறுபதாம் நாளன்று ஓட்டெடுப்பு முடிந்ததும் தலைமை எழுத்தர் அவளிடம், மணி பதினொன்று ஐம்பது என்று எழுதச் சொன்னார். அவள் கைக்கடிகாரத்தில் இரண்டே கால்.

"நான் எழுத மாட்டேன்னேன்" என்று பின்னால் எனக்குச் சொன்னாள். "எழுது, இல்லேன்னா கோட்டை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போன்னாரு. அப்ப டெல்மருக்கு வேலை இல்ல. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் 'சுவர்க் கடிகாரப்படி முற்பகல் 11:50'ன்னு எழுதினேன். அது பொய் இல்லையே. சுவர்க் கடிகாரம் அதைத்தானே காட்டுச்சு?"

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பத்துத் தடவை அப்படியே எழுதினாள். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

1957 மார்ச்சில், பல வருஷம் தட்டிக்கழித்த பிறகு, கல் தூசியால் நெஞ்சு கெட்ட தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரும் மசோதா சபைக்கு வந்தது. சட்டமன்றத்தின் மேல்சபையான செனட்டில் முன்பே நிறைவேறியிருந்தது. குவாரிக் கம்பெனிக்கு வேண்டிய உறுப்பினர்கள் நாலு பேர் மாற்றி மாற்றி எழுந்து பேசியே நேரத்தை ஓட்டப் பார்த்தார்கள். ஒருவர் முயல் வளர்ப்பைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். ஏமஸ் கம்பை எடுத்தார். கடிகாரம் நின்றது. இருபத்திரண்டு திருத்தங்களைத் தடதடவென்று ஏற்றும் தள்ளியும், கடைசியில் நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்தொன்று என்று மசோதா நிறைவேறியது. அந்த வாரமே ஆளுநர் கையெழுத்துப் போட்டார். ஜூலை முதல் தேதியிலிருந்து சட்டம். நான் அன்று கல்லுக்காரர்கள் எல்லோருக்கும் காப்பி இலவசம் என்று அறிவித்தேன். பாவி மனுஷன், இத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கவில்லை.

ஏப்ரலில் கம்பெனி வழக்குப் போட்டது. நகரத்திலிருந்து ஒரு வக்கீல் வந்து சட்டமன்ற நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பழைய அவைக்குறிப்புகளைப் புரட்டினார். மதியச் சாப்பாடு என் கடையில்தான். நல்ல மனுஷன் போலிருக்கிறதே என்று அவருக்குச் சூப்பில் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர் என்ன கண்டுபிடித்தார் என்றால், எல்லா நாளும் 'மணி இத்தனை' என்று எழுதும் இந்த எழுத்தர், அறுபதாம் நாள் மட்டும் 'சுவர்க் கடிகாரப்படி' என்று எழுதுகிறாள். பத்துத் தடவையும். அது ஏன் என்று கேட்க லுவெல்லாவைச் சாட்சியாக அழைத்தார்.

அழைப்பாணை வந்த அன்று டெல்மர் வழக்கம்போல் என் கடையில் காத்திருந்தான். லுவெல்லா படியிறங்கி வந்ததும் அவன் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"ஞாபகம் இல்லேன்னு சொல்லிடு, லூ."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? போன வருஷம் எந்தத் தேதியில நான் குப்பையை வெளிய வைக்க மறந்தேன்னுகூட உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரே ஒரு தடவை, மறந்துட்டேன்னு சொல்லேன். என்கூடக் கொட்டகையில இருந்த ஹார்வி ரெண்டு வாரத்துக்கு முன்னாடி செத்துப்போயிட்டான். ஆல்வின் படுத்த படுக்கை. எனக்கு மட்டும் இல்ல, அறுநூறு பேருக்கு."

"பைபிள் மேல கை வச்சுச் சொல்லணும், டெல்மர்."

"கடவுள் கல் கொட்டகையில வேலை பார்த்திருந்தா, பரவால்ல விடும்மான்னு சொல்லியிருப்பாரு."

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு நின்றாள். எனக்கும் அவள் பொய் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. ஒளித்து என்ன பயன்? அப்போது யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானே அவளுக்குப் பதிலாகப் போய்ப் பொய் சொல்லியிருப்பேன்.

விசாரணை மே மாதம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கவுண்டி நீதிமன்றத்தில். கடையை மூடிவிட்டுப் போனேன். அரசு வக்கீல் எழுந்து, சபையின் குறிப்புக்குப் பின்னால் போய் எட்டிப்பார்க்க நீதிமன்றத்துக்கு உரிமை கிடையாது, அது சபையின் வீடு என்றார். கம்பெனி வக்கீல் சிரித்தார்.

"நான் வீட்டுக்குள்ள போகல. வாசல்ல அவங்களே எழுதி மாட்டியிருக்கிறதை என்னன்னு கேக்கறேன், அவ்வளவுதான்."

நீதிபதி கேட்கலாம் என்றார். லுவெல்லா நீலத் தொப்பியோடு கூண்டில் நின்றாள்.

"மத்த ஐம்பத்தொன்பது நாளும் வெறும் மணிதான் எழுதியிருக்கீங்க. அறுபதாம் நாள் மட்டும் எதுக்கு 'சுவர்க் கடிகாரப்படி'?"

"அன்னிக்கு மட்டும்தான் சுவர்க் கடிகாரமும் என் கடிகாரமும் வேற வேற மணி காட்டும்."

"இந்த மசோதாவுக்கு ஓட்டு எண்ணி முடிச்சப்ப உங்க கடிகாரம் என்ன காட்டிச்சு?"

லுவெல்லா நேராகப் பார்த்தாள். பின் வரிசையில் டெல்மர் உட்கார்ந்திருந்தான். "மூணு பதினேழு" என்றாள்.

"உங்க கடிகாரம் சரியா ஓடுமா?"

"ஓடும்" என்றாள். அந்த அறையில் அதைச் சந்தேகப்பட்ட ஒருவரும் கிடையாது. டெல்மர் எழுந்து, பெஞ்சைப் பிடித்துப் பிடித்து வெளியே போனான்.

அவ்வளவுதான், சட்டம் செல்லாது என்று தீர்ப்பு. அரசு மேல்முறையீடு செய்தது. எங்கள் மூன்றாம் மாடிக்கு வழக்கு வந்து சேர ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதுவரை லுவெல்லா பட்ட பாட்டை என்ன சொல்ல. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. கல்லுக்காரர் மனைவிகள் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். யாரோ ஒருவர் நின்றுபோன அலாரம் கடிகாரத்தை அவள் வீட்டுக் கதவுப் பிடியில் கட்டித் தொங்கவிட்டுப் போனார். அவள் அதை உள்ளே எடுத்துப்போய்ச் சாவி கொடுத்துப் பார்த்தாள். ஓடியது. சமையலறையில் வைத்துக்கொண்டாள். டெல்மர் முன்னறையில் படுக்கை போட்டுக்கொண்டான். உப்பு எங்கே, தபால் வந்ததா என்பதற்கு மேல் அவளோடு பேசுவதை விட்டுவிட்டான்.

உச்ச நீதிமன்றத்திலும் மூன்றுக்கு இரண்டு என்று சட்டம் விழுந்தது. எங்கள் நீதிபதிகள் வழக்கு நடக்கும்வரை என் கடையில் வாயே திறக்கமாட்டார்கள். முடிந்த பிறகு மூடமாட்டார்கள். மறுநாள் தலைமை நீதிபதி ஹாலிஸ் பீபடி ஒரு முனையிலும், தீர்ப்புக்கு எதிராக எழுதிய நீதிபதி மெரிட் காயில் மறுமுனையிலும் உட்கார்ந்து ஒரே பீன்ஸ் சூப்பைக் குடித்தார்கள்.

"அறுபது நாள்னா அறுபது நாள்" என்றார் பீபடி. "அதை எழுதினது சபை இல்ல, ஜனங்க. இவங்களை ரொம்ப நாள் ஊருக்குள்ள விட்டா ஆபத்துன்னு தெரிஞ்சுதான் எழுதினாங்க. மாத்தணும்னா ஜனங்ககிட்டப் போய்க் கேக்கட்டும். ஜன்னல் கம்பால மாத்த முடியாது."

"எழுபது வருஷமா அதே ஜனங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாங்க, ஹாலிஸ்? ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அதை வச்சு வாழறவங்க நடந்துக்கிற விதத்திலயும் பார்க்கணும். ஓட்டுப் போட்டது நிஜம். சம்மதம் நிஜம். கடிகாரம் மட்டும்தான் பொய்."

"பொய்யின்னு நீயே சொல்லிட்டே, மெரிட்."

"சாகப்போறவங்களுக்கு நியாயத்தைக் குடுக்கற பொய்."

நான் இருவருக்கும் மறுபடி சூப் ஊற்றினேன். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது, அதுதான் எரிச்சல். உரிய காலத்துக்குள் யாரும் வழக்குப் போடாத பழைய சட்டங்களெல்லாம் அப்படியே நிற்கும் என்று தீர்ப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இல்லாவிட்டால் இந்தக் கட்டிடத்துக்குக் கூரை போடச் சொன்ன சட்டமே போயிருக்கும்.

அவர்கள் போன பிறகு லுவெல்லா வந்தாள்.

"டெல்மருக்கு வர இருந்ததை என் கையாலயே கெடுத்துட்டேன், ஐரா."

"கெடுத்தது கடிகாரத்தை நிறுத்தினவங்க. நீ இல்ல."

"பத்துத் தடவை நிறுத்தினாங்க. பத்துத் தடவையும் நான் அங்கதான் உக்காந்திருந்தேன். முதல் தடவையே கோட்டை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கணும். பாதி உண்மையை எழுதிட்டு நிம்மதியா இருந்துட்டேன்."

அவளுக்கு ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்தேன். அவள் தொடவில்லை.

இதில் முதல் மாடி வேலை செய்தது. எங்கள் ஆளுநர் பெரிய தியாகி ஒன்றும் இல்லை. கம்பெனி முதலாளியோடு வாத்து வேட்டைக்குப் போகிறவர்தான். ஆனால் மனுஷனுக்கு ரோஷம் உண்டு. "நான் கையெழுத்துப் போட்டது சட்டம்னு நினைச்சேன். வெறும் காகிதம்னு சொல்லிட்டாங்க. என் கையெழுத்தை வெறும் காகிதத்துல விட்டுட்டு நான் வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று என் கடையிலேயே நின்று சொன்னார். அவசியம் என்று பட்டால் சபையைத் தனியாகக் கூட்ட ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. செப்டம்பரில் பத்து நாள், மார்ச்சு மசோதாவை அப்படியே மறுபடி கொண்டுவருவதற்காக மட்டும் கூட்டினார். ஆனால் மார்ச்சில் இரண்டே ஓட்டில் தப்பியது. அந்த நாற்பத்து மூன்று பேரில் மூவர் இப்போது கம்பெனி பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று கட்டிடம் முழுக்கப் பேச்சு.

மார்ச்சில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் கிடியன் ஸ்ட்ரௌட் என்று வடக்கே ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த ஓர் உறுப்பினர் உண்டு. கஞ்சன், பிடிவாதக்காரர், ஒரு முட்டைக்கு மேல் வாங்கமாட்டார். சபை கூடுவதற்கு நாலு நாள் முன்னாடியே வந்து என் கடையில் உட்கார்ந்து மசோதாவை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"இப்ப என்ன அதிசயமா படிக்கிறீங்க?" என்றேன்.

"அப்ப எங்க படிக்க விட்டாங்க? கடிகாரத்தை நிறுத்தினதும் சந்தையில மாடு விக்கிற மாதிரி ஒரே கூச்சல். படிக்காததுக்கு நான் சரின்னு சொல்றதில்ல. அதான் இல்லேன்னேன்." பக்கத்தைத் திருப்பினார். "இந்தக் கல் தூசி வந்த ஆள் ஒருத்தரை நான் நேர்ல பார்க்கணும்."

மசோதா விஷயமாக லுவெல்லா எந்த உறுப்பினரிடமும் பேசமாட்டாள். அது அவள் வழக்கம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவள் வேலையில் இருந்த நேரமாகப் பார்த்து ஸ்ட்ரௌட்டை என் வண்டியில் ஏற்றி டெல்மர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். டெல்மர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஸ்ட்ரௌட் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். "குழிக்குள்ள எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க?"

"குழியிலயா? ஒரு நாள்கூட இல்ல. குழியில காத்து அடிக்கும். நான் கொட்டகைக்காரன். கதவைச் சாத்திக்கிட்டுச் செதுக்கற ஆளு. இந்த நோய் வந்தவங்கள்ல முக்காவாசி கொட்டகைக்காரங்கதான்."

ஸ்ட்ரௌட் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரலை வைத்து ஒரு வரியை இரண்டு தடவை படித்தார். "இதுல 'குவாரிக் குழிக்குள் வேலை செய்த தொழிலாளர்'னுதான் இருக்கு. பதினாலாம் திருத்தம். அந்தக் கூச்சல்ல நுழைஞ்சது."

"அப்படின்னா?"

"மார்ச்சுல நிறைவேறின சட்டத்துல உங்களுக்கு ஒண்ணும் இல்ல, மிஸ்டர் டிப்டன். கொட்டகைக்காரங்க யாருக்குமே இல்ல."

அவைக்குறிப்பில் திருத்தத்தின் எண் மட்டும்தான் ஏறும். வாசகம் தனித் தாளில் இருக்கும். அந்தத் தாளை எழுதியவன் தெரிந்து எழுதினானா, அவசரத்தில் எழுதினானா என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. எனக்குச் சந்தேகமே கிடையாது. டெல்மர் முதலில் சிரித்தான், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. நான் தண்ணீர் கொடுத்தேன். மூச்சு வந்ததும் என் சட்டையைப் பிடித்து, "லூகிட்ட சொல்லாதே. அவ சபையிலயே கேக்கட்டும்" என்றான்.

ஓட்டெடுப்பு நாள் காலையில் டெல்மர், மாடத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று வந்து நின்றான். பார்வையாளர் மாடத்துக்கு வாசல் மூன்றாம் மாடியில். லிஃப்ட் வழக்கம்போல் பழுது. கடையை இரண்டாவது முறையாக மூடினேன். நாலு படி ஏறுவோம், நிற்போம். ஆளுநர் மாடியில் ஒரு ஓய்வு, சட்டமன்ற மாடியில் ஒரு ஓய்வு. மூன்றாம் மாடிக்குப் பாதி வழியில் அவன் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. எனக்கும் அறுபது வயது. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது மேலிருந்து தலைமை நீதிபதி பீபடி இறங்கி வந்தார். ஒன்றும் கேட்காமல் டெல்மரின் இன்னொரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்கதானே என் சட்டத்தை அடிச்சுப் போட்டவரு?" என்றான் டெல்மர்.

"ஆமா, நான்தான்."

"ராத்திரி தூக்கம் வந்துதா?"

"சரியா வரல" என்றார் பீபடி. "ஆனா மறுபடி கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்."

"என் வீட்டுலயும் அப்படி ஒரு ஆளு இருக்கு" என்றான் டெல்மர். மாட வாசல் வரை மூன்று பேரும் போனோம். டெல்மர் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டான். பீபடி மறுப்பாகத் தலையை ஆட்டினார். "அவங்க ஓட்டுப் போடறப்ப நான் மேல உக்காந்து முறைச்சுப் பார்த்தா நல்லா இருக்காது. அது அவங்க இடம்." கோட்டைச் சரிசெய்துகொண்டு தன் அறைக்குத் திரும்பி நடந்தார்.

கீழே சபையில் லுவெல்லா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பத்தே கால் மணிக்கு ஸ்ட்ரௌட் எழுந்தார். பதினாலாம் திருத்தத்தை முழுசாகப் படித்துக்காட்டி, அது யாரை வெளியே தள்ளுகிறது என்று சொல்லி, கொட்டகைத் தொழிலாளரையும் செத்தவர்களின் மனைவியரையும் சேர்க்கும்படி புதுத் திருத்தம் கொண்டுவந்தார். லுவெல்லாவின் பேனா நின்றதை நான் மேலிருந்து பார்த்தேன். ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி எழுதினாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், பதில் கிடைத்தது, முயலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. படிக்காததை ஆதரித்தவர்களுக்கும் வெட்கம், படிக்காததை எதிர்த்தவர்களுக்கும் வெட்கம். பெயர் பெயராகக் கூப்பிட்டு ஓட்டெடுத்தார்கள். ஐம்பத்தைந்துக்கு இருபத்தொன்பது. வாழ்க்கையில் எனக்கு அரசாங்கத்தின் மேல் அன்பு வந்த நாள் ஒன்று உண்டென்றால் அது அதுதான். மாடத்தில் கைதட்டக்கூடாது என்பது விதி. நான் தட்டினேன். காவலர் ஏமஸ் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

செனட்டும் ஒப்புக்கொண்டது, அந்த வாரமே ஆளுநர் கையெழுத்திட்டார். நெஞ்சுக்குள் போன கல் தூசி வெளியே வராது. ஆனால் வீடு விற்காமல், மருந்துக்குக் கையேந்தாமல் டெல்மர் இன்னும் ஒன்பது குளிர்காலம் வாழ்ந்தான். ஹார்வியின் மனைவிக்கும் கிடைத்தது. அடுத்த தேர்தலில் அறுபது நாளைத் தொண்ணூறு நாளாக்க மக்களிடம் கேட்டார்கள், மக்கள் ஒப்புக்கொண்டார்கள். ஏமஸின் கம்பு ஜன்னல் திறக்க மட்டும் என்று ஆனது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய மதியத்தை. டெல்மரை மெல்ல இறக்கிக் கடைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். சபை கலைந்ததும் லுவெல்லா வந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"மே மாசம் நீ எனக்காகப் பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது, லூ. நீ என்னைக் காப்பாத்திட்டே."

"இல்ல, டெல்மர்."

"என்ன இல்ல?"

"அப்படிச் சொல்லாதே. பதினாலாம் திருத்தத்துல என்ன இருக்குன்னு எனக்கு இன்னிக்குக் காலையில வரைக்கும் தெரியாது. உனக்கு வர வேண்டியது போயிடும்னு நினைச்சுக்கிட்டேதான் அந்தக் கூண்டுல நின்னு மூணு பதினேழுன்னு சொன்னேன். உன்னைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். நல்லதா முடிஞ்சுதுங்கறதுக்காக அதை நீ மாத்தி வச்சுக்காதே."

எனக்குக் கோபம் வந்தது. அட, புருஷன் வலிய வந்து சமாதானம் சொல்கிறான், வாங்கிக்கொண்டு போயேன் என்று கத்தத் தோன்றியது. டெல்மர் மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தான்.

"தெரியும்" என்றான். "அதுக்காகத்தான் நாலு மாசம் உன்கூடப் பேசல. அதே காரணத்துக்காகத்தான் இன்னிக்கு மூணு மாடி ஏறினேன்."

லுவெல்லா அழுதாள். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். டெல்மர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நான் போய்க் கதவைச் சாத்தி, 'மூடியிருக்கிறது' என்ற பலகையை வெளிப்பக்கம் திருப்பினேன். அவர்கள் எழுந்து போகும்வரை யார் தட்டியும் திறக்கவில்லை. தட்டியவர்களில் ஆளுநரும் ஒருவர் என்று மறுநாள் சொன்னார்கள்.